சென்னையில் போனை எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது

கேள்வி: வணக்கம் சார். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். கணவருக்குத் திருப்பூரில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். நான் டீ பேக்டரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். பகலில் என் அம்மா வீட்டில் தனியாக இருப்பார். 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மகள் குன்னூரில் கல்லூரியில் படிக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டம் வழியாக முக்கால் கிலோமீட்டர் நடந்து வர வேண்டும். மார்கழியில் அதற்குள் இருட்டிவிடும். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனைக் காட்டெருமை முட்டிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். இரண்டு முறை கட் ஆனது. மூன்றாவது முறை பேசி முடித்தும், வண்டி எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் வேறொரு ஊருக்குப் போய்விட்டது. ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் எங்களிடம் வந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. மகளுக்கு 20,000 ரூபாயில் ஒரு நல்ல போன், அம்மாவுக்கு ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த போன் வாங்குவது? எந்த ஆப் போடுவது? சொல்லுங்கள் சார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

சீட்டுப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று உங்களிடம் போன் இருந்தது, மூன்றாவது தடவை லைனும் கிடைத்தது. ஆனாலும் வண்டி வேறு ஊருக்குப் போனது. 20,000 ரூபாய் போன் கையில் இருந்திருந்தாலும் அது அங்கேதான் போயிருக்கும். போன் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

பல வருடம் இந்த மலைப் பாதைகளில் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக ஓடியவன் நான். இப்போது முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சியில் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் 108 அடித்தால் போனை எடுப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?" பாதிப் பேர் கோத்தகிரி என்பார்கள், மீதிப் பேர் ஊட்டி என்பார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 தொடங்கியதிலிருந்து அழைப்புகள் போய்ச் சேருவது சென்னைக்கு. தேனாம்பேட்டையில் ஒரு கட்டடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பையனோ பெண்ணோதான் உங்கள் குரலைக் கேட்கிறார். சோலூர்மட்டம் என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் சோலூர் என்றுதான் விழும். சோலூர் ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சோலூர்மட்டம் உங்கள் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலையே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

காமராஜர் நகர், இந்திரா நகர், அண்ணா நகர் இல்லாத மலையூர் எது? ஹட்டி என்றால் படகர் ஊர்; புது ஹட்டி என்ற பொருளில் ஒசஹட்டி என்று ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அதனால் ஊர்ப் பெயரை முதலில் சொல்லாதீர்கள், கடைசியில் சொல்லுங்கள். "நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா, இன்ன பஞ்சாயத்து, அதில் இன்ன ஊர்" என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். நாம் பதறும்போது தலைகீழாகச் செய்கிறோம். "சார், மாரியம்மன் கோயில் பக்கத்துல மாடு முட்டிருச்சு, சீக்கிரம் வாங்க" என்றுதான் வாயில் வரும். நானே அப்படிப் பேசியிருக்கிறேன், சொந்த அப்பா விழுந்தபோது. இத்தனைக்கும் அதுதான் என் தொழில்.

பதறும்போது மூளையை நம்பக்கூடாது, காகிதத்தை நம்ப வேண்டும். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். மாவட்டம், தாலுகா, பஞ்சாயத்து, ஊர் எழுதுங்கள். அதற்குக் கீழே, கோத்தகிரியிலிருந்து வரும் டிரைவர் எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும், அந்தப் பிரிவில் கண்ணில் படுவது என்ன, பஸ் நிறுத்தத்தின் பெயர் என்ன, ரேஷன் கடையா, பள்ளிக்கூடமா, தண்ணீர்த் தொட்டியா, டீ பேக்டரி என்றால் எந்த பேக்டரி, எல்லாம் எழுதுங்கள். அடுத்து வண்டி வாசல் வரை வருமா, எந்த இடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து எத்தனை படி இறங்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. நாங்கள் ஸ்ட்ரெச்சரை எடுப்பதா, நாற்காலியில் தூக்குவதா, இன்னும் இரண்டு ஆள் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். 2016 முதல் தமிழ்நாட்டில் பைக் ஆம்புலன்ஸும் ஓடுகிறது. டூவீலர் மட்டும்தான் வரும் பாதை என்றால் அதையும் சொல்லுங்கள். அப்புறம் இந்தத் தாளை அம்மா பார்க்கும் இடத்தில், பெரிய எழுத்தில், சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பீரோவுக்குள் ரேஷன் கார்டோடு வைத்துவிடாதீர்கள்.

சாலையில் ஏதாவது நடந்தால் தாள் உதவாது. ஆனால் அங்கே சாலையே பேசும். கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதியிருப்பார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 14 வளைவு, கல்லட்டிப் பாதையில் 36. "கல்லட்டியில், மேலிருந்து இறங்கும்போது, இருபதாவது வளைவைத் தாண்டி" என்று ஒருவர் சொன்னால் போதும், அதற்கு மேல் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மகள் பஸ்ஸில் வரும்போது கிலோமீட்டர் கல்லையும் வளைவு எண்ணையும் பார்த்துப் பழகட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பை முடித்த பிறகு நடப்பது. நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் என்று நினைவு. ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிரசவ வலி. பள்ளத்தில் இருக்கும் லைன், அங்கே சிக்னல் கிடையாது. புருஷன்காரர் மேட்டுக்கு ஓடிவந்து, எல்லோரும் சிக்னல் பாறை என்று சொல்லும் இடத்தில் நின்று, ஒழுங்காகத்தான் தகவல் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்கத் திரும்ப இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நாங்கள் பிரிவுக்கு வந்து, வலதா இடதா என்று கேட்க அவர் எண்ணுக்கு அடிக்கிறோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மூடுபனியில் இரண்டு பாதையும் ஒன்று போலத் தெரிகிறது. இடதில் போனோம். தப்பான பாதை. திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வந்தோம். குழந்தை எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. நல்லபடியாக வந்தது, அதனால் இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அதனால் என்ன செய்வது என்றால், போன் பேசியவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நோயாளியிடம் வேறு யாராவது ஓடட்டும். தனி ஆள், நகர்ந்தே ஆக வேண்டும் என்றால், சிக்னல் இருக்கும் இடத்தில் இருக்கிற இன்னொருவர் எண்ணை, கடைக்காரர் எண்ணாக இருந்தாலும் சரி, போனிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து, அந்த போன் சும்மா இருக்க வேண்டும். 108-க்குப் பேசி முடித்த மறு நிமிடம் மாமாவுக்கு, சித்திக்கு, திருப்பூருக்கு என்று அடிக்கத் தொடங்குகிறோம். இல்லாவிட்டால் அவர்கள் அடிக்கிறார்கள். வண்டியிலிருந்து அழைக்கும் எங்களுக்கு லைன் பிஸி. உறவுக்காரர்களுக்கு வேறு போனிலிருந்து சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அன்று மட்டும் உடனே எடுங்கள், பெரும்பாலும் நாங்கள்தான். இன்னொருவர் டார்ச்சோடு பிரிவில் நிற்கட்டும். இதைவிட நல்ல வழிகாட்டி எந்த ஆப்பிலும் நான் பார்த்ததில்லை.

உங்கள் அழைப்பு இரண்டு முறை ஏன் கட் ஆனது என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் அது நல்ல கேள்வி. கீழ்க்கோத்தகிரி, கோடநாடு சரிவுகள் கிழக்கே சமவெளியைப் பார்த்திருப்பவை. போன் எந்த டவர் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். சில வளைவுகளில் மலை டவர் மறைந்து, கீழே பவானிசாகர், சிறுமுகைப் பக்கத்து டவர் நேராகத் தெரியும். இரண்டு அடி நகர்ந்தால் அதுவும் போய்விடும். கையில் போனோடு நடந்துகொண்டே பேசினால் கட் ஆகாமல் என்ன செய்யும்? சிக்னல் கோடு கிடைத்த இடத்தில் நின்று பேச வேண்டும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. டவரை வைத்து உங்கள் இடத்தைக் கணிக்க முயன்றால், மலையில் அது சில கிலோமீட்டர் தள்ளிப் போகும், பக்கத்து மாவட்டத்தைக்கூடக் காட்டும். "அழைத்தாலே அவர்களுக்கு நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும்" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கூடலூர், பந்தலூர் வாசகர்களுக்கு இதே விஷயம் வேறு மாதிரி வரும். எல்லையோரத்தில் போன் வயநாட்டு டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு கேரளத்தில் போய் விழலாம், எதிர்முனையில் மலையாளம் கேட்கும். பதறாமல் "தமிழ்நாடு, நீலகிரி" என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன், அரசு மருத்துவமனையின் எண்களை எஸ்டிடி கோடோடு போனில் பதிந்து வைப்பது நல்லது. கூடலூருக்கு 04262, கோத்தகிரிக்கு 04266, ஊட்டிக்கும் குன்னூருக்கும் 0423. மாவட்ட எல்லை என்றதும் தெங்குமரஹாடா நினைவுக்கு வருகிறது. கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்த ஊர், ஆனால் போவதற்கு ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் வழியாகக் காட்டைக் கடந்து மாயாற்றுக்கு வர வேண்டும். அங்கிருந்து அழைப்பவர் முகவரியோடு "பவானிசாகர் வழி" என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், கோத்தகிரி வண்டி மலை மேலேயே நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உங்கள் சிம்மில் கோடே இல்லை, ஆனால் திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று தெரிகிறது என்றால் கைவிட்டுவிடாதீர்கள். வேறு கம்பெனி டவர் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்போது 112 அடியுங்கள். உலகத்தில் பெரும்பாலான போன்களுக்கு அவசர எண் என்று தெரிந்த எண் அது. போன் அதை எந்தக் கம்பெனி டவர் வழியாகவும் அனுப்பப் பார்க்கும். பூட்டியிருக்கும் போனிலும் அடிக்கலாம், ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் போகும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்து நாடு முழுக்கக் கொண்டுவந்த எண் அது, நம் மாநிலத்தில் 2019-லிருந்து இருக்கிறது. எந்தக் கம்பெனியும் எட்டாத பள்ளத்தில் 112-ம் போகாது. அங்கே கால்தான் வழி, மேட்டுக்கு ஏற வேண்டும்.

எங்கே ஏறுவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லதுதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மகளும் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை மெதுவாக நடங்கள். பக்கத்து வீட்டாருடைய வேறு கம்பெனி போன் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பத்தில் எதற்குக் கோடு வருகிறது, எங்கே செத்துவிடுகிறது என்று பாருங்கள். அந்த முக்கால் கிலோமீட்டரில் இரண்டு மூன்று இடமாவது கட்டாயம் கிடைக்கும். வீட்டில் இருக்கும் இரண்டு போனும் ஒரே கம்பெனி சிம்மாக இருந்தால் ஒன்றை மாற்றுங்கள். இதற்கு 20,000 ஆகாது. 2ஜி இருக்கும் கம்பெனி என்றால் இன்னொரு உபாயமும் உண்டு. 4ஜி ஒரு கோடாக ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில், போன் செட்டிங்கில் 2ஜிக்கு மாற்றினால் சில சமயம் குரல் தெளிவாகப் போகும். பேசவே முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருக்கும்போதும் குறுஞ்செய்தி போய்விடும். அதனால் வீட்டுக்கு ஒரு வரி செய்தி அனுப்புவதை மகள் பழகிக்கொள்ளட்டும்.

சரி, ஜிபிஎஸ் வாட்ச். விற்பவர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜிபிஎஸ் என்பது காது மட்டும்தான், வாய் கிடையாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலு பேசுவதைக் கேட்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அந்தக் கருவி தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல அதற்கு மொபைல் சிக்னல் வேண்டும். வாட்சுக்குள்ளும் ஒரு சிம்தான். உங்கள் வீட்டில் சிக்னல் இல்லை என்றால், அம்மா எங்கே விழுந்து கிடக்கிறார் என்பது வாட்சுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வாங்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது "சாட்டிலைட் மெசேஜ் கருவி கொண்டுவரட்டுமா" என்று கேட்டால் அதையும் மறுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் இங்கே அதை வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு.

அதே ஜிபிஎஸ், சாதாரணத் தொடுதிரை போனிலும் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பது அதன் நல்ல பக்கம். கூகுள் மேப்பில் கோத்தகிரிப் பகுதி வரைபடத்தை வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெட் இல்லாதபோதும் நீலப் புள்ளி விழும். மரம் அடர்ந்த இடம், குறுகிய பள்ளம் என்றால் சில நிமிடம் எடுக்கும், வானம் தெரியும் இடத்துக்கு வந்தால் சீக்கிரம் விழும். புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். நம் பக்கத்தில் முதலாவது 11 என்றும் இரண்டாவது 76 என்றும் தொடங்கும். உங்கள் சரிவில் கிழக்கே போகப் போக இரண்டாவது எண் 77-ஐ நெருங்கும். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் படித்தால் போதும், ஏறத்தாழ 11 மீட்டருக்குள் உங்கள் இடத்தைச் சொல்லிவிட்டீர்கள். அதைக் குரலிலேயே படிக்கலாம், குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். வீட்டு வாசல், பஸ் நிறுத்தம், வண்டி நிற்கும் இடம் என்று மூன்று இடத்தின் எண்களை எடுத்து அந்தச் சமையலறைத் தாளில் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் எத்தனை ஊர் இருந்தாலும் அந்த எண் ஒன்றுதான்.

அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் போதும். இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. ஈரக் கையோடு, நடுங்கும் விரலோடு, கண்ணாடி இல்லாமல் அழுத்த முடியும். சார்ஜ் சில நாள் நிற்கும். இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு, மூன்றாவது மகளுக்கு, நாலாவது பக்கத்து வீட்டுக்கு என்று வைத்துக் கொடுத்து, தினம் ஒரு முறை அவரே அடித்துப் பார்க்கட்டும். 2016-ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். வாங்கும் போனில் அது எப்படி என்று கடையிலேயே கேளுங்கள். உங்கள் ஊரில் எடுக்கும் சிம் 4ஜி மட்டும் இருக்கும் கம்பெனியுடையது என்றால் 4ஜி பட்டன் போனாகத்தான் வாங்க வேண்டும், பழைய மாடலில் அந்த சிம் ஓடாது. போன் ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கட்டும். மேசை மேல் இருக்கும் போன், குளியலறையில் விழுந்தவருக்கு உதவாது.

மகள் விஷயத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள். அவளுக்குத் தெரியாமல் அவள் போனில் எந்தக் கண்காணிப்பு ஆப்பும் போடாதீர்கள். கண்டுபிடித்த அன்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள், அதைவிட ஆபத்து வேறு இல்லை. பேசி முடிவு செய்யுங்கள். குன்னூரில் பஸ் ஏறும்போது வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்கு உங்களுக்கு அனுப்பட்டும், வீடு வந்ததும் அவளே நிறுத்திவிடலாம். பாதியில் சிக்னல் போனால் புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். எத்தனை நிமிடம் முன்பு புதுப்பித்தது என்று அதன் கீழே எழுதியிருக்கும், அதைப் பார்க்கப் பழகுங்கள். இல்லாவிட்டால் நின்றுபோன புள்ளியைப் பார்த்து நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொண்டு அழுவீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலி 2022 ஏப்ரலில் வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். பஸ்ஸில், பஸ் ஸ்டாண்டில் தொல்லை என்றால் நல்ல துணை, போடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு நெட் வேண்டும், உங்கள் தேயிலைப் பாதையின் பாதிக்கு அது உதவாது. பெண்களுக்கான 181 எந்த நேரமும் இருக்கும், அதற்கு ஆப் தேவையில்லை.

அந்தப் பாதையில் உண்மையான ஆள் காட்டெருமைதான். பெயரில்தான் எருமை, இனத்தில் அது மாடு, கடா ஒரு டன்னை நெருங்கும். அதன் முன்னால் போனை வைத்துச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சொல்லப்போனால் போனே அங்கே பகை. காதில் இயர்போன் மாட்டி, திரையைப் பார்த்தபடி வரும் பிள்ளைகளை நானே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மாடு இரண்டு தடவை மூச்சு சீறியது பக்கத்துக் காட்டில் இலை எடுப்பவர்களுக்கே கேட்டிருக்கிறது, இவர்களுக்குக் கேட்கவில்லை. இறங்கியதும் இயர்போன் பைக்குள் போகட்டும். போன் டார்ச் பத்தடிக்கு மேல் காட்டாது, சார்ஜையும் குடிக்கும். சீட்டுப் பணத்தில் முதலில் ஒரு நல்ல டார்ச் லைட் வாங்குங்கள். மாட்டைப் பார்த்துவிட்டால் போட்டோ எடுக்க வேண்டாம், பிளாஷ் வேண்டாம், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி அது போகும் வரை நிற்பதுதான் வழி.

போன் உதவுவது அதற்கு முந்தின கட்டத்தில். வால்பாறையில் யானைகளுக்காக ஒரு ஏற்பாடு இருக்கிறது. காட்டுயிர் ஆய்வாளர்களும் வனத்துறையும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தச் சுற்றுவட்டாரத்து போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். முக்கியமான இடங்களில் போனிலிருந்தே எரியவைக்கும் சிவப்பு விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் என்று அர்த்தம், பஸ்ஸை விட்டு இறங்குபவர் பார்த்து நடப்பார். உங்கள் ஊரில் விளக்குக் கம்பம் வேண்டாம். சாயங்காலம் நாலரை மணிக்கு இலை எடை போட வருபவர்களுக்கு அன்று மாடு எங்கே மேய்கிறது என்று தெரியும். அவர்களில் ஒருவர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டால் போதும். குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அது தொலைந்துவிடாமல் இருக்க, இதற்கென்று தனிக் குழு வையுங்கள்.

மழைக்காலம் தனிக் கதை. 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. அந்த மாதிரி நாளில் முதலில் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்து டவரும் போகும். மழை எச்சரிக்கை வந்ததும் எல்லா போனையும், ஒரு பவர் பேங்கையும் முழுக்க சார்ஜ் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தேவைப்படும்போது எடுங்கள். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஸ்வெட்டருக்கு உள்பையில் வைத்துக்கொள்வது நல்லது. 2023-ல் ஒரு நாள் எல்லோர் போனும் பயங்கரமாக அலறியது நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. குறிப்பிட்ட டவர்களின் கீழ் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் போகும். அந்தச் சத்தம் பிடிக்காமல் செட்டிங்கில் அணைத்துவைத்தவர்கள் திரும்பப் போட்டுவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மயங்கிக் கிடப்பவரின் போனை நாங்கள் எடுத்துப் பார்ப்போம், பூட்டியிருக்கும். போன் செட்டிங்கில் அவசரத் தகவல் என்று ஓரிடம் இருக்கிறது. ரத்தப் பிரிவு, சாப்பிடும் மாத்திரை, யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதினால் பூட்டைத் திறக்காமலே எங்களுக்குத் தெரியும். அம்மாவின் பட்டன் போனுக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கரில் "சர்க்கரை உண்டு, இன்சுலின் உண்டு அல்லது இல்லை, மகள் எண் இது" என்று எழுதி ஒட்டினால் அதே வேலை செய்யும். இரண்டாவது, 108-ல் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். வண்டி வரும் வரை என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள், உங்கள் இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். மாடு முட்டிய காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை. வயிற்றில் முட்டியவருக்குச் சூடாக ஒரு வரட்டீ கொடுக்கும் வழக்கம் நம் மலையில் இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள்.

கணக்குப் பார்த்தால் ஒரு டார்ச், ஒரு பட்டன் போன், ஒரு பவர் பேங்க், வேறு கம்பெனி சிம் ஒன்று. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். மகளின் இப்போதைய போனில் மேப் திறக்கிறது, சார்ஜ் சாயங்காலம் வரை நிற்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளட்டும். சார்ஜ் நிற்காத போன் என்றால் மட்டும் மாற்றுங்கள்.

அந்தச் சமையலறைத் தாளை எழுதி முடித்ததும் பேக்டரி ஆபீசில் பத்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஊர்ப் பெயரும் வழியும் ஒன்றுதானே, வீட்டு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல் பிரதியைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுங்கள். அவருக்குத் தையல் பிரித்துவிட்டார்களா என்று அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.